கிளை நூலகத்தில் ஒரு பாட்காஸ்ட்

கிளை நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் இருப்பதில்லை. காலையில் தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் திரும்ப இருட்டிவிடுகிறது. ஆனால் அந்தப் பெட்டியில் எத்தனை காதுகளில் இயர்போன்! நூலகர் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

வாசகரைத் தேடிப் போவது நமக்குப் புதிதல்ல. 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பாட்காஸ்ட்டைப் புத்தக மதிப்புரையோடு தொடங்காதீர்கள்; அது யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. உங்கள் ஊரைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வுக்கே அது தொடக்கம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? அனகாபுத்தூரில் வாழைநார் சேர்த்துச் சேலை நெய்கிறார்கள். தறிச் சத்தம் பின்னால் கேட்க அவர்களைப் பேசவிட்டாலே ஒரு எபிசோட் ஆயிற்று. சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல, 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் தொடர்புள்ள ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.

ஸ்டுடியோ வேண்டாம். புத்தக அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எதிரொலி தானாக அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக் போதும். பம்மல், பொழிச்சலூர் பக்கம் விமானம் தலைக்கு மேல் போகும். அது கடக்கும்வரை பேச்சை நிறுத்தி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இதை ஒரே மாலையில் கற்றுக்கொள்வார்கள். தாம்பரத்தில் ஏறியவர் கிண்டியில் இறங்குவதற்குள் முடிய வேண்டும். பதினைந்து நிமிடம் தாண்டாதீர்கள்.

கதை வாசிப்பதானால் உரிமை பார்த்து வாசியுங்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் நாட்டுடைமையான எழுத்துகளைத் தாராளமாக வாசிக்கலாம். இன்று எழுதுகிறவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

நூலகத்தின் பெயரில் வெளியிடும் முன் மாவட்ட நூலக அலுவலரிடம் கடிதம் கொடுத்துவிடுங்கள். வாசகர் வட்டத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால், நீங்கள் மாறுதலாகிப் போனாலும் வேலை நிற்காது. ஸ்பாட்டிஃபையில் ஏற்றுங்கள், ஆனால் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுக்களை முதலில் பிடியுங்கள். ஊர்க்காரர்கள் இருப்பது அங்கேதான். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கைவிட, எபிசோடில் சொன்ன புத்தகத்தைக் கேட்டு யாராவது வந்தார்களா என்பதை மாதம் ஒருமுறை வழங்கல் பதிவேட்டில் பாருங்கள். யாரும் வரவில்லை என்றால் அடுத்த மாதம் பேசும் பொருளை மாற்றுங்கள்.