பெயர் அச்சிட்ட பலூன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

துணிக்கடைத் திறப்பு, கம்பெனி ஆண்டு விழா, குழந்தையின் முதல் பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெயரும் சின்னமும் அச்சிட்ட பலூன்கள் வாசலிலேயே வரவேற்கின்றன. செலவு குறைவு, போட்டோவில் எடுப்பாக இருக்கும், வந்த பிள்ளைகள் கையோடு எடுத்துப்போய் நம் பெயரை நாலு தெருவுக்குக் கொண்டு சேர்ப்பார்கள் என்று ஆர்டர் கொடுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாமே நியாயமானவை. ஆனால் பலூனைப் பற்றி விற்பவரும் வாங்குபவரும் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் சில நம்பிக்கைகள் பணத்தை வீணாக்குகின்றன. சில, ஆளையே காவு வாங்குகின்றன. அந்த இரண்டாவது வகையிலிருந்தே தொடங்குகிறேன்.

"கேஸ் பலூன் என்றால் ஹீலியம்தானே?"

இல்லை. கோயில் திருவிழாவிலும் தெருமுனையிலும் விற்கும் கேஸ் பலூன்களில் பல, ஹைட்ரஜன் நிரப்பியவை. விழாக்களுக்கு மொத்தமாக நிரப்பித் தருகிறவர்களிலும் சிலர் அதையே பயன்படுத்துகிறார்கள். காரணம் விலைதான். ஹீலியத்துக்கு இந்தியா ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதியை நம்பியிருக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் எந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விக்கவும் அதே ஹீலியம்தான் வேண்டும் என்பதால் தேவையும் அதிகம். ஹைட்ரஜனுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் பழைய சிலிண்டருக்குள் போட்டு, பலூன் விற்கும் இடத்திலேயே அதை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அப்போது எழும் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்க அங்கே எந்தக் கருவியும் கிடையாது. சிலிண்டர் எத்தனை வருடம் பழையது என்பதும் யாருக்கும் தெரியாது. 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூனுக்கு கேஸ் நிரப்பும் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள்.

ரப்பர் பலூனை முதலில் செய்தவர் மைக்கேல் ஃபாரடே. 1824இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் அதை உருவாக்கியதே ஹைட்ரஜனை அடைத்து ஆராயத்தான். ஆய்வகத்தில் அதற்கு இடம் உண்டு, கல்யாண மண்டபத்தில் கிடையாது. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். அதற்குக் குத்துவிளக்கின் சுடர்கூடத் தேவையில்லை, உரசலில் எழும் மின்பொறியே போதும். பலூனும் பலூனும் உரசினாலே அப்படிப்பட்ட மின்னேற்றம் உண்டாகும் என்பதைச் சின்ன வயதில் தலைமுடியில் தேய்த்துப் பார்த்த எல்லோரும் அறிவார்கள். ஒரு பலூன் பற்றினால் கட்டில் இருக்கும் மற்றவையும் அந்த நொடியே பற்றும். 2012 மே மாதம் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் ஒரு கட்சியின் தேர்தல் கூட்டத்தில் அப்படி வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2020 செப்டம்பரில் சென்னை அம்பத்தூர்ப் பகுதியில் நடந்த அரசியல் பிறந்தநாள் விழாவில், பறக்கவிடுவதற்காகக் கையில் பிடித்திருந்த பலூன் கொத்து தீப்பிழம்பாகிச் சுற்றி நின்றவர்களைச் சுட்டது. அருகில் பட்டாசு கொளுத்தியிருந்தார்கள். நம் விழாக்களில் கேக்கின் மேல் மெழுகுவர்த்தி, ஆரத்தித் தட்டில் கற்பூரம், வாசலில் சரவெடி என்று நெருப்பு இல்லாத நேரம் எது?

ஹைட்ரஜன் நன்றாகத் தூக்கும் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. தூக்கும் திறனில் ஹீலியத்துக்கும் அதற்கும் எட்டு சதவீத அளவுக்குத்தான் வித்தியாசம். இரண்டுக்கும் நிறமோ மணமோ இல்லாததால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கொளுத்திப் பார்ப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. நிரப்ப வருகிறவரிடம் கேஸ் வாங்கிய பில்லைக் கேளுங்கள், சிலிண்டர் மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். பதிலுக்கு மழுப்பினால் கேஸே வேண்டாம், பம்ப் வைத்துக் காற்றடித்துக் கட்டச் சொல்லிவிடுங்கள்.

ஹீலியத்தையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை இழுத்துக் கீச்சுக்குரலில் பேசுவது வேடிக்கையாகத் தெரியலாம். நுரையீரலில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைத்தான் அது பிடித்துக்கொள்கிறது. சிலிண்டரிலிருந்து நேராக இழுத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

"ராத்திரியே நிரப்பி வைத்துவிட்டால் காலையில் அலைச்சல் இல்லை"

ஹீலியம் நிரப்பிய சாதாரண 11 அங்குல ரப்பர் பலூன் 12 முதல் 18 மணி நேரம் வரைதான் மிதக்கும். முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஹீலியம் அணுக்கள் ரப்பர் சவ்வின் வழியாகவே கசிந்துவிடும். உள்ளே ஒரு பசைத் திரவம் பூசினால் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும், அதற்குத் தனிக் காசு. ஒரு லிட்டர் ஹீலியம் தூக்குவது சுமார் ஒரு கிராம். அந்தப் பலூனில் ஏறக்குறைய 14 லிட்டர் பிடிக்கும். ரப்பரின் எடை போக மிஞ்சுவது பத்து கிராம் அளவுதான். அதில் கனமான ரிப்பனும் பரிசு அட்டையும் கட்டினால் பலூன் தரையோடு உட்கார்ந்துவிடும்.

வாயால் ஊதியதும் பம்பால் அடித்ததும் பறக்காது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனாலும் "பறக்கிற மாதிரி வேணும், கேஸ் வேண்டாம்" என்று கேட்பவர்கள் குறைந்தபாடில்லை.

வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். ஏசி அறையில் 25 டிகிரியில் நிரப்பிய பலூனை 40 டிகிரி வாசலில் கொண்டுபோய்க் கட்டினால் உள்ளிருக்கும் வாயு சுமார் 5 சதவீதம் விரியும். முழு அளவுக்கு ஊதியிருந்தால் பட் பட்டென்று வெடிக்கும். வெடிக்காமல் தப்பியதும் வெயில் பட்ட சில மணி நேரத்தில் பளபளப்பு போய் மங்கிவிடும். 12 அங்குலப் பலூனை 11 அங்குலத்தோடு நிறுத்துவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

"கம்ப்யூட்டரில் பார்த்தது அப்படியே வரும்"

வாங்குபவருக்கும் அச்சிடுபவருக்கும் அதிகம் சண்டை வருவது இங்கேதான், ஏனென்றால் அச்சு எப்படி ஏறுகிறது என்று யாரும் விளக்குவதில்லை. ரப்பர் பலூனில் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். பலூனை ஊதி, விரிந்த நிலையிலேயே ஸ்கிரீனை அழுத்தி, ரப்பரோடு சேர்ந்து இழுபடக்கூடிய மையை ஏற்றி, காய்ந்த பிறகு காற்றை வெளியேற்றுகிறார்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் சின்னம் சுருங்கி, கறுத்து, குட்டியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதறி உடனே போனைக் கையில் எடுக்க வேண்டாம், ஊதினால் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் எந்த அளவில் அச்சிட்டார்களோ அந்த அளவுக்கு ஊதினால்தான் சரியாக வரும். அதிகமாக ஊதினால் மை வெளிறும், குறைத்து ஊதினால் எழுத்து நெருங்கி அப்பிக்கொள்ளும்.

வட்டமான பரப்பில் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடம் நினைப்பதைவிடக் குறைவு. 12 அங்குலப் பலூன் என்பதற்காக 12 அங்குலமும் நம் கையில் இல்லை. விலாசம், மூன்று போன் நம்பர், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் திணித்தால் ஓரத்து எழுத்துகள் வளைந்து மறுபக்கம் போய்விடும். மையின் ஊடாகப் பலூனின் நிறமும் கொஞ்சம் தெரியும். ஆகவே சிவப்புப் பலூனில் மஞ்சள் எழுத்து, காகிதத்தில் தெரியும் மஞ்சளாக வராது. அடர்ந்த நிறத்துக்கு வெள்ளை, வெளிர் நிறத்துக்குக் கறுப்பு அல்லது நீலம் என்று போனால் ஏமாற்றம் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும் என்பதால்தான் ஐம்பது பலூனுக்கும் ஐந்நூறு பலூனுக்கும் தொடக்கச் செலவு ஒன்றாகவே இருக்கிறது. ஒரு நிறம் கூட்டினால் விலை எகிறுவதும் அதனால்தான்.

தமிழில் அச்சிடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெல்லிய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'வாழ்த்துக்கள்' என்பதில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன, அதில் ஒன்று அடைந்தாலும் பலூன் முழுக்கப் பிழை. 'ண', 'ணை', 'னை' போன்ற எழுத்துகளின் சுழிகள் மை நிரம்பிக் கறுப்புப் பொட்டாகிவிடும். தடித்த, திறந்த சுழியுள்ள எழுத்தைக் கேளுங்கள். பாமினியில் அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கொட்டும். கோரல் டிராவில் கர்வ்ஸாக மாற்றித் தருவதே பாதுகாப்பு. மொத்த ஆர்டருக்கு முன் ஒரே ஒரு பலூனில் அச்சிட்டு, ஊதி, பத்தடி தூரத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு காரியத்தை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

"ரப்பர் பால்தானே, இலை மாதிரி மக்கிவிடும்"

குமரி மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் சிரட்டையில் வடியும் பால் நிச்சயமாக இயற்கைப் பொருள்தான். அதில் கந்தகம் சேர்த்து இறுக்கி, நிறமி கலந்து, சீக்கிரம் கெடாமலிருக்க வேதிப்பொருள் சேர்த்து, மேலே மை பூசிய பிறகு அது வேறு பொருள். ஓக் மரத்து இலை மக்கும் வேகத்தில் பலூனும் மக்கும் என்று உலகெங்கும் விளம்பரங்களில் சொல்லப்படுவதற்கு மூலம், 1989இல் பலூன் தொழில்துறை சார்பில் வந்த ஓர் ஆய்வறிக்கை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில் பின்னாளில் ரப்பர் பலூன்களை நன்னீரிலும் கடல்நீரிலும் உரக்குவியலிலும் 16 வாரம் போட்டுப் பார்த்தார்கள். பலூன்கள் மக்கிப்போகவில்லை, உருக்குலையாமல் கிடந்தன. மினுமினுக்கும் ஃபாயில் பலூனுக்கு மக்குகிற பேச்சே இல்லை. அது உலோகம் பூசிய பிளாஸ்டிக், மின்கம்பியில் விழுந்தால் மின்சாரத்தையும் கடத்தும்.

"மேலே பறக்கவிட்டால் விளம்பரம் ஊர் பூராவும் போகும்" என்ற ஆசையின் விளைவு 1986இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தெரிந்தது. யுனைடெட் வே என்ற தொண்டு அமைப்பு நிதி திரட்டுவதற்காக செப்டம்பர் 27 அன்று 14 லட்சத்துக்கும் அதிகமான பலூன்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டது. எதிரே வந்த மழைக்காற்று அவற்றைக் கீழே தள்ளியது. ஏரிக்கரை விமான நிலையத்தின் ஓடுபாதையை மூடினார்கள். ஈரி ஏரியில் படகில் போய்க் காணாமல் போயிருந்த இரண்டு மீனவர்களைத் தேடி வந்த கடலோரக் காவல்படைக்கு, நீரெங்கும் மிதந்த பலூன்களுக்கு நடுவே மனிதத் தலையைப் பிரித்தறிய முடியவில்லை. இருவரின் உடல்களும் பிறகுதான் கரை ஒதுங்கின.

கடலில் விழுவதைத் தின்பவை வேறு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இறந்த 1,733 கடற்பறவைகளை அறுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, கெட்டியான பிளாஸ்டிக் துண்டை விழுங்குவதைவிட பலூன் துண்டை விழுங்கும் பறவை சாகும் வாய்ப்பு 32 மடங்கு அதிகம். நம் கடற்கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கு ஜெல்லி மீனும் இரை. நீரில் மிதக்கும் கிழிந்த பலூன் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். ஜிப்ரால்டர் தன் தேசிய தினத்தில் பல்லாண்டுகளாகச் செய்துவந்த பலூன் பறக்கவிடலை 2016இல் நிறுத்தியது. ஃபுளோரிடா 2024 ஜூலையிலிருந்து சட்டம் போட்டே தடுத்துவிட்டது. விழா மேடையிலிருந்து பலூன்களைக் கொத்தாகப் பறக்கவிடும் வழக்கத்தை நாமும் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதில் உங்கள் கடையின் பெயர் இருந்தால், செத்த ஆமையின் பக்கத்தில் கிடப்பதும் உங்கள் பெயர்தான்.

"பலூனுக்கு எந்தத் தடையும் இல்லை"

பலூனுக்கு இல்லை, அதன் குச்சிக்கு உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையில் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, அலங்காரத் தெர்மகோல், 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர் ஆகியவை பெயர் சொல்லியே இருக்கின்றன. காகிதக் குச்சி கிடைக்கிறது, நூலும் போதும்.

"கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்ன?"

வெடித்த பலூனின் துண்டு மெல்லியது, வழுக்குவது, தொண்டையின் வடிவத்துக்கு அப்படியே படிந்து மூச்சுக்குழலை முழுதாக மூடிக்கொள்வது. அமெரிக்காவில் உணவல்லாத பொருள் தொண்டையில் சிக்கி இறந்த குழந்தைகளைப் பற்றி 1995இல் வெளியான மருத்துவ ஆய்வில், 29 சதவீத இறப்புகளுக்குப் பலூனே காரணம். மூன்று வயதைத் தாண்டியவர்களும் அதில் இருந்தார்கள். அதனால்தான் அங்கே பலூன் பாக்கெட்டில் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கான எச்சரிக்கையைச் சட்டப்படி அச்சிடுகிறார்கள். கிழிந்த துண்டை வாயில் உறிஞ்சிக் குமிழ் விடும் விளையாட்டை நம் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள், அதுதான் மிக மோசமானது. ஊதுவதற்கும் பம்பைப் பயன்படுத்துங்கள், பிள்ளைகளை வாயால் ஊத விடாதீர்கள். டெக்கரேஷனுக்குப் பேசும்போதே, விழா முடிந்ததும் பலூன்களைக் கழற்றி, துண்டுகளைக் கூட்டி அள்ளும் வேலையையும் கூலியில் சேர்த்துப் பேசிவிடுங்கள். பந்தி முடிந்து பிள்ளைகள் மறுபடி ஹாலுக்கு ஓடி வருவதற்குள் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.