வேலையில் அடிபட்டால்: காட்டுப்பள்ளித் தொழிலாளர்களுக்கு

பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பங்களிலிருந்து பலர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். அங்கே அடிபட்டால், "கான்ட்ராக்டரைக் கேள்" என்று பெரிய நிறுவனம் கைகழுவ முடியாது. அதனிடமே இழப்பீடு கேட்கலாம். 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது.

மருத்துவமனையில் 'வேலை செய்யும்போது அடிபட்டது' என்றே பதியச் சொல்லுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி யார் கெஞ்சினாலும் இணங்காதீர்கள். பிறகு அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிராக நிற்கும். ஏ.ஆர். (மருத்துவமனை விபத்துப் பதிவேடு) காப்பி, கேட் பாஸ், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், கூட இருந்தவர்களின் பெயர்கள் எல்லாம் பத்திரம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் 2 ஆண்டுக்குள் மனு. உயிரே போயிருந்தால் இழப்பீட்டை வேலை கொடுத்தவர் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்; வீடு தேடி வந்து கொடுக்கும் தொகையோடு விஷயம் முடிந்துவிடாது.

சொந்தப் படகில் போகிறவருக்கு வழி வேறு: மீனவர் குழு விபத்துக் காப்பீடு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதே பாருங்கள்.