புழுக்கத்தின் கணக்கு: மாமல்லபுரத்து இளம் சிற்பிக்கு ஒரு கடிதம்

மாமல்லபுரத்துப் பட்டறையொன்றில் உளி பிடிக்கத் தொடங்கியிருக்கும் இளம் சிற்பிக்கு,

கத்திரி வெயில் நாளொன்றில் செங்கல்பட்டில் 40 டிகிரியும் மாமல்லபுரத்தில் 34 டிகிரியும் இருந்தால், கடற்கரையில் கல் கொத்துபவரே கொடுத்துவைத்தவர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே சொல்கிறது, உடல் தன் சூட்டை வெளியேற்ற முடிகிறதா என்பதைச் சொல்வதில்லை. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை; அது ஆவியாகும்போதுதான், லிட்டருக்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து கவர்ந்து செல்கிறது; காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை சொட்டி வீணாகிறது. இதுவே புழுக்கம்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவு ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படும். 40 டிகிரியில் ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் அது சுமார் 26 டிகிரி. 34 டிகிரியில் 70 விழுக்காடு என்றால் சுமார் 29 டிகிரி. ஆக, உடலுக்குக் கடுமையானது கடற்கரையே. இந்த ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியை எட்டினால் மனித உடல் தாங்காது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் ஆகியோர் கணித்தனர். 2022இல் பென்சில்வேனியாவில் நடந்த சோதனைகளிலோ, மிக இலேசான வேலை செய்த இளைஞர்களின் உடலே 31 டிகிரியை ஒட்டித் தடுமாறியது. கருங்கல்லில் சுத்தி போடுவது இலேசான வேலையன்று.

ஈரப்பத விழுக்காட்டை மட்டும் பார்ப்பதும் தவறு. விடியலில் அது உச்சத்தில் இருந்தாலும் காற்று குளிர்ந்திருப்பதால் அதிலுள்ள நீராவி நண்பகலைவிட மிகுதி என்று பொருளில்லை, எனவே கனமான கொத்து வேலைக்கு விடியலே ஏற்றது. கடற்காற்று வந்ததும் வெப்பமானி இறங்கும். அது ஈரத்தையும் சுமந்து வருவதால், காற்று புகாத தகரக் கொட்டகைக்குள் இருப்பவருக்கு அதனால் பயன் குறைவு. வெயிலில் காய்ந்த கல்லின் அனலையும் சேர்த்துக் கணக்கிடும் முறையொன்று 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களுக்காக உருவானது. அதில் பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழ் அளவுக்கும், இரண்டு பங்கு அந்த அனலை அளக்கும் கறுப்புக் கோள வெப்பமானிக்கும், ஒரே ஒரு பங்கு சாதாரண வெப்பமானிக்கும் தரப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரங்களாகும். முதல் வாரத்தில் மூத்த சிற்பிக்கு ஈடாக உழைக்க முயல்வது வீண் வீம்பு. உடன் கொத்துபவர் பேச்சுக் குழறித் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுசென்று உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.