மேனேஜர் அனுப்பும் ரிப்பேர் பில்

சென்னை ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டு, பொறுப்பை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் அவருடைய கட்டணத்தில்தான் பேரம் பேசுகிறார்கள். ஆனால், கட்டணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, தானாக ஏறாது. ‘பிளம்பிங் வேலை 4,800 ரூபாய்’ என்ற ஒற்றை வரிக்கு என்ன கணக்கு? வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமே என்பார்கள். முடியாது. நீங்கள் கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைச் சட்டம் மொத்தமாகக் கழித்துவிடுகிறது. ரிப்பேருக்கு ஐந்நூறு ஆனாலும் ஐம்பதாயிரம் ஆனாலும் அதே 30தான். பில்லில் ஏற்றிய பணம் முழுக்க உங்கள் கைக்காசு.

எனவே, 3,000 ரூபாய்க்கு மேல் என்றால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பொருளுக்கும் கூலிக்கும் தனிக் கணக்கு, கடை பில், கழற்றிய குழாயின் படம், மாட்டிய குழாயின் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரட்டும். தெருமுனை பிளம்பரிடம் ஜிஎஸ்டி பில் கேட்பது வீண். யுபிஐயில் பணம் போன விவரம் போதும். நள்ளிரவில் குழாய் உடைந்தால் அனுமதிக்குக் காத்திருப்பதா? வேண்டாம், தண்ணீர்க் கசிவுக்கும் மின்கோளாறுக்கும் விலக்கு கொடுங்கள், பில் மறுநாள் வரலாம். இவ்வளவு கேட்டால் நல்ல மேனேஜர் விலகிவிடுவார் என்ற பயமும் உண்டு. ஒழுங்காகக் கணக்கு வைப்பவருக்கு ஒரு படம் அனுப்புவது பாரமா என்ன? இன்னொன்று: குடியிருப்பவருடன் போட்ட வாடகை ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை ரிப்பேர்களைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பொறுப்பில் விடுகிறது. அவை உங்கள் பில்லில் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.