இது எந்த வீட்டுக் கூரை?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு மர விதானம் இருக்கு. விதானம்னா வீட்டின் உள்கூரை. எட்டு மூலையுள்ள குவிமாடம். மரச்சட்டங்களை நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோத்து வண்ணம் பூசியிருக்காங்க.

இதன் சொந்த ஊர், ஸ்பெயினில் டொலேடோ நகருக்குப் பக்கத்துல உள்ள தோரிஹோஸ். 1490-களில் கட்டிய அரண்மனை. அங்கே இதுபோல 4 விதானங்கள் இருந்தன. பிற்காலத்தில் பிரித்து விற்றுவிட்டார்கள். ஒன்றை 1905-ல் லண்டன் மியூசியம் வாங்கியது. மற்றவை மாட்ரிட், பிரான்சின் வில்லாண்ட்ரி கோட்டை, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ என்று போய்ச் சேர்ந்தன. ஒரு வீட்டுக் கூரை, நாலு ஊரில்!

பிரித்த கூரை எந்த வீட்டுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1. சின்னம்: அரண்மனைக்காரர் குத்தியேரே தெ கார்தெனாஸ், மனைவி தெரேசா என்ரிகேஸ். இருவரின் குடும்பச் சின்னமும் இந்த விதானத்தில் இருக்கு.

2. மரவளையம்: குளிர்நாட்டு மரத்தில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். நல்ல வருஷம்னா அகலம், வறட்சின்னா குறுகல். இந்த வரிசையை, வருஷம் தெரிந்த மரத்தின் வரிசையோடு ஒப்பிட்டால் மரம் வளர்ந்த காலம் தெரியும்.

ஆனா மரம் வயசைத்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது. சின்னமும் இல்லை, யாரும் எழுதியும் வைக்கலைன்னா அது ஊர்பேர் இல்லாத கூரைதான்.

அதனால பழைய கதவு, தூண் எதை விற்றாலும் ஊர், வீடு, வருஷம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்க. எழுதுறதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்!