ரீல்ஸ் ஓடுது, வியாபாரம் ஓடுதா?

புதுச்சேரியில் நேரு வீதித் துணிக்கடை, மிஷன் வீதிச் சாக்லேட் கடை, காந்தி வீதி ஞாயிறு சந்தை, எங்கே போனாலும் இப்போது ஒரே காட்சிதான். ஒருவர் பொருளைத் திருப்பித் திருப்பிக் காட்ட, இன்னொருவர் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் படமெடுக்கிறார். இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. பத்து நாள் ஆவதற்குள், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது.

தொலைக்காட்சி விளம்பரத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத சிறிய கடைக்கு இது பெரிய வாய்ப்பு. அதனாலேயே இதைச் சுற்றி வளர்ந்துவிட்ட தவறான நம்பிக்கைகள் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. "மாசத்துக்கு இத்தனை ரீல்ஸ், இத்தனை ஆயிரம்" என்று பேக்கேஜ் பேசி வருபவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் கல்லாவைப் பார்த்துக் குழம்பி நிற்பவர்கள் பெரும்பாலும் சொந்த உழைப்பில் கடை போட்டவர்கள்.

நம்பிக்கை: லட்சம் பேர் பார்த்தால் ஆயிரம் பேராவது வாங்குவார்கள்

அந்த லட்சம் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு பார்வையாக எண்ணுகிறது. இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அதே ஆள் மறுபடி பார்த்தால் அது இன்னொரு பார்வை. இன்ஸ்டாகிராமிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்த லட்சத்துக்குள் இருக்கிறார்.

பார்த்தவர் எந்த ஊர்க்காரர் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. காலையில் சுட்ட குரோசானை லக்னோவில் இருப்பவர் ரசிக்கலாம், வாங்க முடியாது. முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ இருப்பவர் சாயங்காலமே வந்து வாங்குவார். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர் வாரக்கடைசிப் பயணத்துக்கு என்று அந்த வீடியோவைச் சேமித்து வைப்பார். ஆகவே பேக்கரிக்காரர் பார்க்க வேண்டியது பார்வையாளர்களின் ஊர்ப் பட்டியலையும், எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதையும்தான். பக்கத்து ஊர்க்காரர் ஐந்நூறு பேர் முழுசாகப் பார்த்த வீடியோவை, தேசமெங்கும் லட்சம் பேர் தள்ளிவிட்ட வீடியோவுக்கு மேலே வைப்பேன். ஊதுவத்தியும் கையால் செய்த காகிதமும் விற்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். பார்சலில் போகிற பொருளுக்கு லக்னோவும் சந்தைதான்.

நம்பிக்கை: பாண்டிச்சேரி பின்னணி இருந்தால் போதும், பொருள் தானாக விற்கும்

மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சும் தமிழும் எழுதிய நீலப் பெயர்ப்பலகை, கடற்கரைச் சாலையில் விடியல். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படங்கள் ஊரை விற்கின்றன, கடையை விற்பதில்லை. பார்ப்பவர் மனசில் "ஒரு தடவை பாண்டி போகணும்" என்பதுதான் நிற்கும். சோப்புக் கடையின் பெயரும் நிற்காது, சோப்பும் நிற்காது. சுற்றுலாத் துறை செய்ய வேண்டிய வேலையைக் கடைக்காரர் தன் காசில் செய்துகொண்டிருக்கிறார். பக்கத்துக் கடையும் அதே சுவருக்கு முன்னால் நின்று படமெடுத்திருப்பதால் யாருடைய வீடியோ எது என்றே தெரிவதில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் குடும்பம் நடத்துகிறவர்களின் வாசலை நாள் முழுக்க அடைத்துக்கொள்வது தனி அநியாயம்.

அந்தக் கடைக்கு மட்டுமே உரியது வேலை செய்கிற கை. அரை நிமிடத்தில் கண்முன்னே உருமாறும் பொருளுக்கு இந்த வடிவம் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும். வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. களிமண் உருண்டை யானையாவதையும், வெள்ளைப் பொம்மைக்குக் கண் திறப்பதையும் காட்டினால் போதும். அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதக் கூடம் 1959இல் தொடங்கியது. தண்ணீரில் மிதக்கும் கூழிலிருந்து சட்டத்தால் ஒரு தாளை அள்ளித் தூக்கும் அந்த ஒரு அசைவுக்கு எந்தப் பின்னணியும் வேண்டாம். ஊரையும் காட்டியே ஆக வேண்டும் என்றால், தமிழ்ப் பகுதியை ஏன் மறக்கிறோம்? திண்ணையும் தாழ்வாரமும் மீட்டெடுக்கப்பட்ட வைசியாள் வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. அங்கே போன் பிடிப்பவர்கள் குறைவு.

நம்பிக்கை: விலையைச் சொல்லக் கூடாது, இன்பாக்ஸுக்கு வந்து கேட்கட்டும்

இதற்குப் பதில் சொல்லப் பக்கத்துக் கடலூருக்குப் போக வேண்டும். 1983இல் சி.கே. ரங்கநாதன் அங்கே 15,000 ரூபாயோடு சிக் ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் கவின்கேர் ஆனது அந்தத் தொழில்தான். கிராமங்களில் கூட்டம் கூட்டி, ஒரு பையனை உட்காரவைத்து, எல்லார் கண்முன்னும் தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக் காட்டினார்கள். முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இன்று ரீல்ஸ் செய்ய நினைப்பது இதைத்தான்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. எந்த ஷாம்புவாக இருந்தாலும் 5 காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் பாக்கெட்டாக இருந்தால்தான் மாற்றிக்கொடுப்போம் என்றார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நடிகை அமலா விளம்பரத்துக்கு வந்தது அதற்குப் பிறகு.

கூட்டம் கூடியது வேடிக்கைக்காக. அது வாங்கியது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்ததால். காலி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ, அவ்வளவுதான். நம் ரீல்ஸ்களில் காணாமல் போவது இந்த இரண்டாம் பாதி. என்ன விலை, கடை எந்த வீதியில், எத்தனை மணி வரை திறந்திருக்கும், வெளியூருக்கு அனுப்புவீர்களா, எந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்வது? வீடியோவிலேயே எழுத்தில் இருக்க வேண்டிய இவையெல்லாம் "டிஎம் பண்ணுங்க" என்ற இரண்டு சொல்லுக்குள் முடங்கிவிடுகின்றன. சனிக்கிழமை ராத்திரி கேட்ட விலைக்குத் திங்கட்கிழமை பதில் போனால், கேட்டவர் வேறெங்கோ வாங்கிவிட்டு ஊர் திரும்பியிருப்பார். புதிய வீடியோ எடுக்க ஆள் வைக்கும் முன், வந்த கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வையுங்கள் என்பேன்.

நம்பிக்கை: ஒன்று வைரல் ஆனால் பிராண்ட் ஆகிவிடலாம்

ஹைடிசைன் 1978இல் இதே புதுச்சேரியில் திலீப் கபூர் தொடங்கிய சிறிய தோல் பட்டறை. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல், பித்தளைக் கொக்கி என்று பல்லாண்டு மாறாமல் இருந்த தரம்தான் அதன் அடையாளம். வசந்த் அன் கோ தொடங்கியதும் 1978தான். அதன் முதலாளி எச். வசந்தகுமாரின் சிரித்த முகம் விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வந்து மனசில் பதிந்தது. முதலாளி முகம் காட்டினால் மதிப்புப் போய்விடும் என்று தயங்குபவர்களுக்கு அவர் நல்ல பதில். ஒரே முகம், ஒரே குரல், ஒரே தரம் வாரந்தோறும் வந்தால் பெயர் நிற்கும்.

நம்பிக்கை: ஹேஷ்டேக்கைக் குவித்து, ராத்திரி எட்டு மணிக்கு ஏற்றினால் ரீச் வரும்

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள், இந்த மூன்றும்தான் முதன்மை. நம்மைப் பின்தொடராதவரிடம் வீடியோ போய்ச் சேர்வதில் அனுப்புவதற்குக் கூடுதல் எடை. தோழிக்கு அனுப்பி "சனிக்கிழமை போலாமா?" என்று கேட்கவைக்கிற வீடியோவா என்பதை ஏற்றும் முன் யோசித்தால் போதும்.

நம்பிக்கை: ட்ரெண்டிங் சினிமாப் பாட்டு கட்டாயம் வேண்டும்

வணிகக் கணக்குக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாட்டையும் தருவதில்லை. அதனால் தனிநபர் கணக்குக்கு மாறிப் பாட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. கணக்கை மாற்றினாலும் விளம்பரத்துக்குப் பாட்டைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஒலி அணைக்கப்படலாம், வீடியோவே நீக்கப்படலாம், உரிமையாளர் வழக்குக்கும் போகலாம். குயவர் சக்கரத்தின் ஓசையும் கடைக்காரரின் பாண்டித் தமிழும் யாருடைய அனுமதியும் இல்லாமல் கிடைக்கும்.

நம்பிக்கை: பிரபலத்துக்குக் காசு கொடுத்ததை வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள்

சொல்லாவிட்டால் சட்டமீறல். விளம்பரத் தரக் கவுன்சில் 2021லேயே இதற்கு விதி வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. "விளம்பரம்" என்பதோ "கட்டண விளம்பரம்" என்பதோ வீடியோவுக்குள்ளேயே, கண்ணில் படும்படி, பேசுகிற அதே மொழியில் இருக்க வேண்டும். கீழே ஹேஷ்டேக் குவியலில் ஒளித்துவைப்பது செல்லாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவர் ஓராண்டு வரை வேறெதையும் பரிந்துரைக்க முடியாதபடி தடை வரலாம். மீண்டும் நடந்தால் 3 ஆண்டு வரை. பணம் கைமாறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இலவசச் சாப்பாடும், விடுதியில் கட்டணமில்லாமல் தங்கிய ஒரு இரவும் இதில் அடக்கம்.