மெட்டலில் குடியேறும் கிருமி

'மெட்டீரியல்ஸ்' பேப்பர்ல பயோமெட்டீரியல்ஸ் யூனிட்டை சாய்ஸ்ல விட்டவங்க கை தூக்குங்க. நானும்தான்! பாட்டிக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன்னு முடிவானப்போதான் உட்கார்ந்து படிச்சேன். அதில் முக்கியமான ஒரு விஷயம் உங்களுக்கும்.

செயற்கை மூட்டு என்பது உலோகப் பாகங்கள், நடுவில் ஒரு பாலிஎத்திலீன் துண்டு. எலும்போடு பிடித்து வைப்பது பெரும்பாலும் போன் சிமெண்ட், அதாவது பி.எம்.எம்.ஏ. நம்ம அக்ரிலிக் ஷீட் இருக்கே, அதே பாலிமர்தான்.

நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு இந்த மூட்டில் கிருமித்தொற்று வரலாம். மாத்திரை போட்டா சரியாகாதா? அங்கேதான் சிக்கல். உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதில் ஒட்டிய பாக்டீரியா தன்னைச் சுற்றி 'பயோஃபிலிம்' என்ற படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டிப் பாசி மாதிரி, தேய்க்காமல் போகாது. முற்றிவிட்டால் தேய்த்தாலும் முழுசாகப் போகாது.

அதனால் சர்ஜன்களுக்கு மூன்று வழி:

1. கழுவிக் காப்பாற்றுவது: தொற்று வந்து சில வாரங்களே ஆகியிருந்தால், மூட்டைத் திறந்து, கெட்ட திசுவை நீக்கி, பாலிஎத்திலீனை மட்டும் மாற்றுவார்கள். உலோகம் அப்படியே இருக்கும்.

2. இரண்டு கட்டம்: முற்றிய தொற்றுக்கு. எல்லாத்தையும் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டால் செய்த 'ஸ்பேசர்' வைப்பார்கள். பெரும்பாலும் 6 வாரம் மருந்து. தொற்று அடங்கிய பிறகு புது மூட்டு. அதுவரை நடமாட்டம் கஷ்டம்தான்.

3. ஒரே கட்டம்: கழற்றுவதும் புதிதாகப் பொருத்துவதும் ஒரே ஆபரேஷனில். எந்தக் கிருமி என்று முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

நமக்குப் பிடிச்ச பகுதி இதோ. சிமெண்ட் இறுகும்போது வெப்பம் வெளிவரும். அதனால் சூட்டைத் தாங்கும் மருந்தைத்தான் கலக்க முடியும்: ஜென்டாமைசின், வான்கோமைசின் மாதிரி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் என்ற சர்ஜன் சிமெண்டில் ஜென்டாமைசின் கலந்த அனுபவத்தை 1970-இல் வெளியிட்டார்.

இப்போ உங்க வேலை. மூட்டு மாற்றிய தாத்தா பாட்டிக்கு முழங்கால் திடீர்னு வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, தையல் இடத்தில் நீர் கசிந்தாலோ, மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீங்க. பிறகு மூட்டு நீரை எடுத்து டெஸ்ட் செய்தாலும் கிருமி சிக்காமல் போகலாம். நாளும் ஓடிவிடும். அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. முதல் வழியா, இரண்டாவது வழியா என்பதைப் பல நேரம் அந்தச் சில நாட்கள்தான் முடிவு செய்யும்.